வகையைக் கிளந்து கூறும் இடம்

இலக்கணம் நடத்தும் தமிழாசிரியர்க்கு எக்ஸ்.எம்.எல். கோப்பில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். கணினித் துறையில் பணியாற்றும் இளம் நண்பர் ஒருவரோடு சில மாதங்கள் அமர்ந்து வேலை பார்த்ததில் நமக்கு ஒன்று புலப்பட்டது. அவர் தம் நிரலில் எதிர்கொண்ட சிக்கலும், நாம் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தும் தொல்காப்பியக் கிளவியாக்கமும் ஒரே வினாவைத்தான் வெவ்வேறு மொழியில் எழுப்புகின்றன. ஒன்றைப் பிறர்க்கு எடுத்துச் சொல்லும்போது, அது இன்ன வகையைச் சேர்ந்தது என்பதையும் உடன் சொல்ல வேண்டுமா? வேண்டுமெனில் எவ்விடத்தில், எவ்வளவு?

வினா எளிது போலத் தோன்றும். கரிசல் காட்டுச் சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால்தான் அதன் கனம் தெரியும்.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் என விரியும் இக்கருமண் நிலம் மானாவாரி நிலம். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைப்பதும், மழை பொய்த்தால் வானத்தைப் பார்த்திருப்பதும் இங்கே வழிவழியாக வந்த வாழ்க்கை. அவ்வாழ்க்கைக்கென ஒரு சொற்களஞ்சியம் உண்டு. இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணன் அதைத் திரட்டி 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியாக வெளிக்கொணர்ந்தார். 2021 மே 17 அன்று அவர் மறைந்தார். அவர் திரட்டிய காலத்தில் அச்சொற்களைப் பேசியவர்கள் ஊர்தோறும் இருந்தார்கள். இன்று கமலை இறைத்த கிணறுகளில் மோட்டார் வந்து தலைமுறை கடந்துவிட்டது. தீப்பெட்டி ஆலைக்கும் பட்டாசு ஆலைக்கும் வேலைக்குப் போய் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஏரின் உறுப்புகளைப் பெயர் சொல்லிக் காட்ட ஆளில்லை.

நம் துறை மாணவர்கள் விடுமுறைக்கு ஊர் செல்லும்போதெல்லாம் தாத்தா பாட்டிமாரிடம் கேட்டு எழுதி வந்த சொற்சீட்டுகள் சில பெட்டிகள் அளவுக்குச் சேர்ந்திருந்தன. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு சொல், அதன் பொருள், சொன்னவர் ஊர், கேட்ட நாள், சொல் வழங்கும் ஒரு தொடர். சில சீட்டுகளில் இவ்வைந்தும் இருக்கும். சிலவற்றில் இரண்டே இருக்கும். தாள் பழுப்பதற்கு முன் இவற்றைக் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்று நண்பர் முன்வந்தார். அப்போதுதான் வகை பற்றிய இப்பேச்சு தொடங்கியது.

கணினிப் பக்கத்தை முதலில் எளிய முறையில் சொல்லிவிடுகிறோம். ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் நினைவகத்தில் வாழ்பவற்றை நிரற்பொருள்கள் எனலாம். ஒவ்வொரு நிரற்பொருளுக்கும் ஒரு வகை உண்டு. எண் என்பது ஒரு வகை. எழுத்துத்தொடர் ஒரு வகை. நாள் ஒரு வகை. இவையன்றி, நிரல் எழுதுபவர் தாமே 'தானிய அளவு', 'நில அளவு' என்றெல்லாம் வகைகளைப் படைத்துக்கொள்ளலாம். வகை தெரிந்திருப்பதால்தான் கணினி எண்களைக் கூட்டுகிறது. நாள்களை முன்பின்னாக வரிசைப்படுத்துகிறது. பெயர்களைக் கூட்டச் சொன்னால் மறுக்கிறது. ஆனால் நிரலை நிறுத்திய கணத்தில் இவை யாவும் மறைந்துவிடும். மறையாமல் இருக்க, கோப்பில் எழுதி வைக்க வேண்டும். அவ்வாறு எழுதுவதற்குரிய முறைகளுள் ஒன்று எக்ஸ்.எம்.எல். 1998 பிப்ரவரியில் அதன் முதற்பதிப்பு வலைத்தர அமைப்பான டபிள்யூ3சி-யின் பரிந்துரையாக வெளிவந்தது. குறிகளின் பெயர்களைத் தமிழிலேயே எழுதவும் அதன் விதிகள் இடம் தருகின்றன. ஆதலால் நம் சீட்டின் ஒரு பகுதி இவ்வாறு அமையும்:

<அளவு>4</அளவு>

இங்கேதான் சிக்கல். எக்ஸ்.எம்.எல். கோப்பில் உள்ளவை யாவும் எழுத்துகளே. நினைவகத்தில் இருந்தபோது 'நான்கு படி கம்பு' என்னும் தானிய அளவாக இருந்த ஒன்று, கோப்பில் '4' என்னும் வெற்றெழுத்தாக நிற்கிறது. நாளை வேறொரு நிரல் இக்கோப்பைத் திறந்து மீண்டும் நிரற்பொருளாக்க முனையும்போது, இந்த நான்கு எண்ணா, எழுத்தா, தானியமா, நிலமா என்று அதற்கு எப்படித் தெரியும்?

தெரியாத இடத்தில் கணினி பெரும்பாலும் ஊகிக்கிறது. ஊகம் எத்தகைய விளைவைத் தரும் என்பதற்குத் தொலைவில் போக வேண்டியதில்லை. நம்மூர்ப் பட்டாவில் புல எண்ணும் உட்பிரிவு எண்ணும் சாய்கோட்டால் இணைந்து நிற்கும். 12/3 என்றால் பன்னிரண்டாம் புல எண்ணின் மூன்றாம் உட்பிரிவு. இதை எக்செல் விரிதாளில், இந்திய முறைப்படி நாள் குறிக்கும் கணினியில் தட்டிப் பாருங்கள். 'மார்ச் 12' என்று மாறிவிடும். ஒரு குடும்பத்தின் நிலம் ஒரு நாளாகிவிடுகிறது. எழுத்தில் பிழையில்லை, வகைதான் தவறியது. உயிரியல் அறிஞர்களும் இதற்குத் தப்பவில்லை. மார்ச் 1, செப்ட் 2 எனச் சுருக்கப்பெயர் கொண்ட மனித மரபணுக்களை எக்செல் நாள்களாக மாற்றி வந்தது. எக்செல் பட்டியல்களை இணைத்திருந்த மரபணு ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இத்தகைய பிழைகள் இருந்ததை 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் 2020இல், மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றியமைத்தது. வகையைச் சொல்லாமல் விட்டதற்குப் பெயரே விலையாயிற்று.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் வகையைச் சொல்லிவிட்டால் போகிறது என்று தோன்றும். நண்பர் வைத்திருந்த வழிகள் மூன்று.

முதல் வழி, வகையைச் சொல்லவே வேண்டாம் என்பது. எழுதுபவரும் படிப்பவரும் ஒரே திட்டவரைவை முன்கூட்டி ஒப்புக்கொண்டிருந்தால், இந்த இடத்தில் வருவது தானிய அளவு என்று இருவர்க்கும் தெரியும். கோப்பு சிறிதாக இருக்கும். இத்தகைய வரைவுகளை எழுதுவதற்கென்றே எக்ஸ்.எம்.எல். ஸ்கீமா என்னும் முறை 2001இல் வந்தது.

இரண்டாம் வழி, ஒவ்வொன்றுக்கும் வகையைச் சொல்லிக்கொண்டே போவது. 'எண் வகையைச் சேர்ந்த 4, எழுத்துத்தொடர் வகையைச் சேர்ந்த இடைசெவல், நாள் வகையைச் சேர்ந்த...' என்று. ஐயம் வராது, ஆனால் கோப்பைக் கண்ணால் படிக்க இயலாது. உள்ளதைவிட உறை பெரிதாகிவிடும்.

மூன்றாம் வழிதான் நம்மை நிமிர்ந்து உட்கார வைத்தது. 2002இல் வெளிவந்த மைக்ரோசாப்டின் டாட்நெட் தளத்தில் எக்ஸ்.எம்.எல். எழுதும் கருவி ஒன்று உண்டு. ஓரிடத்தில் வரவேண்டியது இன்ன வகை என அறிவித்திருந்து, வந்ததும் அதே வகையாயின், அது வகையை எழுதுவதில்லை. அறிவித்தது பொதுவகையாக இருந்து, வந்து அமர்ந்தது அதன் கிளைவகையாக இருந்தால் மட்டும், 'எக்ஸ்.எஸ்.ஐ. டைப்' என்னும் பண்பைச் சேர்த்து அக்கிளைவகையின் பெயரை வெளிப்படையாக எழுதுகிறது. 'அளவு' வரவேண்டிய இடத்தில் 'தானிய அளவு' வந்தால் சொல்கிறது. 'தானிய அளவு' வரவேண்டிய இடத்தில் அதுவே வந்தால் சும்மா இருக்கிறது.

நண்பர் இதை விளக்கி முடித்ததும், "இதுக்கு ஒரு சூத்திரமே இருக்கு தம்பி" என்றோம். அவர் நம்பவில்லை.

தொல்காப்பியர் பலபொருள் ஒருசொல்லை இரண்டாகப் பிரிக்கிறார். 'மா' என்பது மரத்துக்கும் பெயர், விலங்குக்கும் பெயர். மா காய்த்தது என்றால் மரம்; மா கனைத்தது என்றால் குதிரை. வினை வேறுபடுவதால் பொருள் தானே தெளிகிறது. வினையாலோ, உடன் வரும் இனத்தாலோ, பேசும் சூழலாகிய சார்பாலோ தெளியக்கூடிய இடத்தில், இன்ன மா என்று விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மா விழுந்தது என்றால்? மரமும் விழும், குதிரையும் விழும். வினை வேறுபடாத இத்தகைய இடத்தில் கிளந்து கூற வேண்டும், அதாவது, மாமரம் விழுந்தது என வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது கிளவியாக்கம் தரும் விதி. டாட்நெட் கருவி செய்வதும் ஏறத்தாழ இதுவே. தெளியும் இடத்தில் விடு. தெளியா இடத்தில் கிள.

தமிழ் இலக்கணத்தில் தொகை என்னும் கோட்பாடும் இதன் மறுபக்கமே. வேற்றுமை உருபு, காலம், உவம உருபு முதலியவற்றை மறைத்துச் சொற்களை அடுக்கிவைப்பது தொகை. மறைந்ததை வெளிக்கொணர்வது விரி. ஊறுகாய் என்னும் வினைத்தொகையில் காலம் மறைந்திருக்கிறது. ஊறிய காயும் அதுவே, ஊறும் காயும் அதுவே. சாடியைத் திறப்பவர்க்கு அது தெரிந்தே இருக்கும், ஆகவே சொல்வதில்லை. ஆனால் பொன்மணி என்றால், பொன்னாலாகிய மணியா, பொன்னும் மணியுமா, பொன்னில் பதித்த மணியா என மயக்கம் வரும். தொகைச்சொல் இரண்டு பொருள் முதல் ஏழு பொருள் வரை மயங்கும் என்று நன்னூலார் எல்லையே வகுத்திருக்கிறார். நகையை அடகு வைக்கப் போகிறவர் பொன்மணி என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வட்டிக்கடைக்காரர் ஒப்புவாரா? தொகை என்பது கேட்பவர்மீது வைக்கும் நம்பிக்கை. அந்நம்பிக்கைக்கு இடமில்லாத இடத்தில் விரித்துத்தான் ஆக வேண்டும்.

இனி, பெட்டியில் இருந்த சீட்டுகளுக்கு வருவோம்.

'குறுக்கம்' என்று ஒரு சீட்டு. வகுப்பறையில் குறுக்கம் என்றால் ஐகாரக்குறுக்கம், மகரக்குறுக்கம் என்றுதான் மாணவர் சொல்வர். கரிசலில் குறுக்கம் என்பது நில அளவு. நாலு குறுக்கம் பருத்தி போட்டிருக்கிறார் என்றால் ஊரார்க்கு விளக்கம் வேண்டியதில்லை. பருத்தி என்னும் இனமே வகையைச் சொல்லிவிடுகிறது. ஆனால் சீட்டில் 'குறுக்கம் - 4' என்று மட்டும் இருந்தால், இலக்கணம் படித்த பிற்கால வாசகர் நால்வகைக் குறுக்கங்களை எண்ணத் தொடங்கிவிடுவார். ஐகாரம், ஔகாரம், மகரம், ஆய்தம் எனக் கணக்கும் சரியாக வந்து தொலைக்கும்!

'கோட்டை' இன்னும் கடினம். திருநெல்வேலிச் சீமையில் 21 மரக்கால் கொண்டது ஒரு கோட்டை. ஒரு கோட்டை விதை விதைப்பதற்குரிய நிலமும் கோட்டைதான். 'மூன்று கோட்டை விற்றார்' என ஒரு சீட்டில் இருந்தது. நிலத்தையும் விற்கலாம், தானியத்தையும் விற்கலாம். வினை வேறுபடாத பலபொருள் ஒருசொல்லுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு உரைகளில்கூடக் கிடைக்காது. தானியத்தை விற்றவர் அடுத்த ஆண்டும் விதைப்பார். நிலத்தை விற்றவர் ஊரைவிட்டுப் போவார். ஒரு குடும்பத்தின் கதையே அந்த வகைச் சொல்லில் இருக்கிறது. நல்வேளையாக அதைச் சொன்ன மூதாட்டி இருந்தார். கயத்தாற்றுப் பக்கம் சென்று, "கோட்டைன்னா என்னன்னு எழுத பாட்டி?" என்று கேட்டோம். அவர் நம்மைச் சற்றுப் பரிதாபமாகப் பார்த்து, "எதுக்குக் கேக்கீக? வெதைக்கவா, அளக்கவா?" என்றார். எழுத்தறியாத அம்மூதாட்டி விடை சொல்லுமுன் வகையைக் கேட்டார். நாமோ அந்தக் கேள்வியை வைத்தே கோப்பில் ஒரு பண்பைச் சேர்த்துக்கொண்டோம்:

<அளவு வகை="தானியம்" அலகு="கோட்டை">3</அளவு>

மூன்றாவதாக ஒன்று, 'கே 11'. கோவில்பட்டியில் 1901இல் தொடங்கப்பெற்ற வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவாகும் பயிர் இரகங்களுக்குக் 'கே' என்னும் எழுத்து முன்னால் வரும். கோயம்புத்தூர் இரகங்களுக்குக் 'கோ' வருவது போல. கே என்னும் எழுத்து பிறந்த இடத்தைச் சொல்கிறது. என்ன பயிர் என்பதைச் சொல்வதில்லை. பருத்தியிலும் கே 11 உண்டு. சோளத்திலும் கே 11 உண்டு. கடையில் நின்று விதை கேட்கும் விவசாயிக்கு இதில் குழப்பமில்லை. சோளம் கேட்கிறோமா பருத்தி கேட்கிறோமா என்பது அவர்க்குத் தெரியும், கடைக்காரர்க்கும் தெரியும். பெட்டியில் கிடக்கும் தாளுக்குத் தெரியாது. பெயருக்குள் ஒரு வகைக்குறிப்பு இருக்கிறது என்பதனாலேயே, வேண்டிய வகைக்குறிப்பு இருக்கிறது என்று கொள்ளுதல் ஆகாது என்பதற்கு இது சான்று.

கிளந்து கூறுவதிலும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. அவற்றையும் சொல்லாவிட்டால் கட்டுரை ஒருபக்கமாகிவிடும்.

முதலாவது, எந்தப் பெயரால் கிளப்பது என்பது. நம் கிராமங்களில் பிள்ளைக்கு வீட்டில் ஒரு பெயர் இருக்கும். பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர் இருக்கும். வீட்டுப் பெயரை வைத்து மாற்றுச் சான்றிதழ் எழுத முடியாது. நிரலுக்குள் நிரலர் வசதிக்காக இடும் வகைப்பெயர்கள் வீட்டுப் பெயர்கள் போன்றவை. இன்றைக்கு ஒன்று, திருத்தி எழுதும்போது வேறொன்று. சில கருவிகள் அந்த உட்பெயரை அப்படியே கோப்பில் எழுதிவிடுகின்றன. பின்னர் நிரலர் தம் வகைக்கு வேறு பெயர் சூட்டினால், பழைய கோப்பு சொல்லும் பெயருக்கு உரியவரைத் தேடிப் புதிய நிரல் திகைத்து நிற்கும். ஆகவே வெளியுலகுக்கென நிலையான பெயர் ஒன்றைத் தனியே வகுத்து, உட்பெயர் மாறினும் அது மாறாதபடி காக்க வேண்டும். நல்ல கருவிகள் அனைத்திலும் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். ஜாவா மொழியில் இயங்கும் எக்ஸ்ஸ்ட்ரீம் என்னும் நிரல் நூலகத்தில் இதை மாற்றுப்பெயர் இடுதல் என்பர். நம் கோப்பில் 'தானியம்', 'நிலம்', 'இலக்கணம்' என்பவை பள்ளிப் பெயர்கள். நண்பர் தம் நிரலுக்குள் என்ன பெயர் வைத்துக்கொள்கிறார் என்பது அவர் வீட்டு விவகாரம்.

இரண்டாவது, பிறர் கிளந்து கூறுவதை எவ்வளவு நம்புவது என்பது. கோப்பு 'நான் இன்ன வகை' என்று சொன்னால், படிக்கும் நிரல் அவ்வகைப் பொருளைப் படைக்க முனைகிறது. கோப்பை அனுப்பியவர் தீயவராயின்? படைத்த மாத்திரத்தில் கணினியில் கட்டளைகளை ஓடவிடத்தக்க ஒரு வகையின் பெயரை அவர் எழுதி அனுப்பலாம். மேற்சொன்ன எக்ஸ்ஸ்ட்ரீமில் இத்தகைய ஓட்டை 2013இல் வெளிப்பட்டது. அதன்பின் மேலும் பல கண்டறியப்பட்டன. 2021இல் வெளிவந்த பதிப்பிலிருந்து, அனுமதித்த வகைகளின் பட்டியலில் உள்ளவற்றை மட்டுமே ஏற்பது அதன் இயல்பு நடத்தையாயிற்று. டாட்நெட் கருவியோ தொடக்கத்திலிருந்தே கிளைவகைகளை முன்கூட்டி அறிவிக்கச் சொல்கிறது; அறிவிக்காத வகை வந்தால் பிழை என்று நிறுத்திவிடுகிறது. கல்யாண வீட்டு வாசலில் நிற்பவர், 'பெண்ணுக்குத் தாய்மாமன்' என்று சொல்லி வருபவரை உள்ளே விடுமுன், பெண்ணுக்கு எத்தனை தாய்மாமன்கள் என்பதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வகையை அறிவிப்பது அனுப்புபவர் கடமை. அதைச் சரிபார்ப்பது பெறுபவர் கடமை.

இவ்வளவும் கேட்டபின், இரண்டு கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் இடத்தில் வேண்டியதை மட்டும் எழுதுவதே முறை என்று நண்பர் முடிவுக்கு வந்தார். அதில் நமக்கும் உடன்பாடே. ஆனால் ஒரு சொற்களஞ்சியத்தைக் காத்து வைக்கும் இடத்தில் கணக்கு மாறுகிறது. தெளியும் இடத்தில் விடலாம் என்கிறோம். யாருக்குத் தெளியும் இடத்தில்?

ஓலைச்சுவடிகளைப் பாருங்கள். எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் சுவடியில் தெரியாது. துணைக்காலும் ரகரமும் ஒன்று போலவே இருக்கும். சோம்பலால் விட்டதன்று அது. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பது ஒரு காரணம். படிப்பவர் ஆசிரியரிடம் பாடம் கேட்டவர்; செய்யுளை மனத்தில் வைத்திருப்பவர்; ஓலை அவர்க்கு நினைவூட்டி மட்டுமே என்பது இன்னொரு காரணம். அந்த வாசகர் இருந்தவரை எல்லாம் தெளிவாக இருந்தது. பாடம் கேட்கும் மரபு அறுந்தபின் அதே ஓலைகளைக் கையில் எடுத்த உ.வே. சாமிநாதையர் போன்றோர், ஓர் எழுத்து குறிலா நெடிலா, மெய்யா உயிர்மெய்யா என்பதைத் தீர்மானிக்கப் பல ஏடுகளை ஒப்பிட்டு ஆண்டுக்கணக்கில் உழைக்க நேர்ந்தது. எழுத்து மாறவில்லை, எழுத்தின் வகையைத் தெரிந்தவர்கள் போய்விட்டார்கள்.

இதற்கு நேர்மாறான சான்றும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. கோவில்பட்டிக்கு அருகில் உள்ள கழுகுமலையில், பாறையில் செதுக்கிய சமணத் திருவுருவங்களின் கீழ் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் நிறைந்துள்ளன. அவை மிகச் சுருக்கமானவை. இன்ன ஊரினர், இன்னாரின் மாணாக்கர், இன்னார் செய்வித்தது என்ற அளவில் முடிந்துவிடும். ஆயினும் ஆசிரியரைக் குறிக்கும் இடத்தில் சிலவற்றில் 'குரவர்' என்னும் பொருளுடைய ஆண்பாற் பெயரும், சிலவற்றில் 'குரத்தி' என்னும் பெண்பாற் பெயரும் வருகின்றன. குரத்தி என்னும் சொல்லின் அந்த விகுதி ஒன்றுதான், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இக்குன்றில் மாணாக்கர்க்குக் கற்பித்த பெண் துறவியர் இருந்தனர் என்பதற்குச் சான்றாக நிற்கிறது. கல்லில் வெட்டியவர்க்கு அது ஒரு சாதாரண வழக்கு. அக்காலத்தில் அவ்வூரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நமக்கோ அது இல்லையெனில் ஒரு வரலாறே இல்லை.

ஆகவே நாம் எடுத்த முடிவு இது. வகையைச் சொல்வதா விடுவதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது எழுதுபவர் அறிவை வைத்தன்று. படிக்கப் போகிறவர் அறிவை வைத்து. படிக்கப் போகிறவர் அடுத்த அறையில் இருக்கும் கணினியானால் தொகுத்து எழுதலாம். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் கரிசலையே பார்த்திராத ஒரு மாணவியானால் விரித்து எழுத வேண்டும். அந்த மாணவிக்குக் கம்பும் சோளமும் கடைப் பொட்டலத்தில்தான் தெரிந்திருக்கும். படியும் மரக்காலும் அருங்காட்சியகத்தில் இருக்கும். நமக்கு வினையால் தெளிவது அவளுக்குத் தெளியாது. காரணம், அந்த வினையையே அவள் கண்டிருக்க மாட்டாள்.

இம்முடிவுப்படி சீட்டுகளை ஏற்றி வரும்போது ஒரு சீட்டில் வேலை நின்றது. 'ரெண்டு பாட்டம் பார்த்தாச்சு' என்று அதில் எழுதியிருந்தது. சொன்னவர் பெயருக்கு நேரே ஊர் மட்டும் இருந்தது. பொருள் எழுதும் இடம் காலியாக இருந்தது. பாட்டம் என்றால் ஒரு முறை பெய்து ஓயும் மழை. ஒரு பாட்டம் மழை என்பது கரிசலில் விதைப்பைத் தீர்மானிக்கும் சொல். ஆனால் ஒரு பாட்டம் அழுதாள் என்றும் சொல்வோம். ஒரு பாட்டம் சண்டை போட்டான் என்றும் சொல்வோம். 'பார்த்தாச்சு' என்னும் வினையோ எதற்கும் பொருந்தும். எழுதிய மாணவரைத் தேடிப் பிடித்தோம். அவர்க்கு நினைவில்லை. சொன்னவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் பார்த்த இரண்டு பாட்டம் மழையா, அழுகையா?

"மழைன்னே போட்டுரலாமா ஐயா? அதுதானே அதிகமா வருது" என்றார் நண்பர். எக்செல் செய்வதும் அதுதானே என்றோம். சிரித்துவிட்டு, "அப்ப காலியா விட்டுரவா?" என்றார். காலியாக விடுவதும் சரியன்று. காலியிடம் என்றால் கேட்கவே இல்லை என்று பொருள். நாம் கேட்டோம், விடை கிடைக்கவில்லை. இரண்டும் வேறு.

இதற்கும் கிளவியாக்கம் வழி சொல்கிறது. தொலைவில் தோன்றும் உருவம் ஆணா பெண்ணா என்னும் ஐயம் வரின், ஒன்றை ஊகித்துச் சொல்லற்க. இருபாற்கும் பொதுவாகிய பன்மையால் சொல்லுக. மனிதனா மரக்கட்டையா என்றே ஐயம் வரின், இருதிணைக்கும் பொதுவாகிய 'உருவு' என்னும் சொல்லால் சொல்லுக. அறிந்தது எவ்வளவோ அவ்வளவுக்குரிய பொதுவகைக்கு ஏறிக்கொள். அறியாததைக் கிளைவகையாக்கிப் பொய்யாகக் கிளக்காதே. நிரலர்களும் இதையே செய்கிறார்கள். கிளைவகை தெரியாவிட்டால் பொதுவகையால் குறிப்பார்கள்.

அச்சீட்டு இப்போது கோப்பில் இவ்வாறு இருக்கிறது:

<அளவு வகை="தடவை" அலகு="பாட்டம்" ஐயம்="மழை, அழுகை, சண்டை">2</அளவு>

அடுத்த விடுமுறைக்குச் செல்லும் மாணவர்களுக்கு அச்சிட்டுக் கொடுத்திருக்கும் புதிய சீட்டில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது. 'எதற்கு? விதைக்கவா, அளக்கவா, வேறா? சொன்னவரிடமே கேட்டு எழுதுக' என்று அதன் தலைப்பில் இருக்கிறது. கேட்பதற்கு அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.